ராக் ஸ்லைடருக்கு எந்தப் பெயிண்ட்? சென்னை வண்டிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபோர் பை ஃபோர் வண்டி வாங்கியவர்கள் டயருக்கு அடுத்தபடியாகக் கைவைப்பது பெரும்பாலும் ராக் ஸ்லைடரில்தான். கதவுக்குக் கீழே வண்டியின் இருபக்கமும் நீளவாக்கில் மாட்டும் இரும்புக் குழாய்ச் சட்டம் அது. தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்சி எல்லாமே சேசிஸ் தனி, பாடி தனி என்று கட்டிய வண்டிகள். அதனால் சேசிஸிலேயே போல்ட் போட்டு ஸ்லைடரை மாட்டிவிடலாம். வெல்டிங் முடிந்ததும் பட்டறைக்காரர் கேட்பார்: "பவுடர் கோட்டிங் போட்டுடவா சார், இல்ல பெயிண்டே போதுமா?" புதிதாக வருகிறவர் அங்கேதான் விழிப்பார். பவுடர் என்றால் உசத்தி என்று எங்கோ கேட்டிருப்பார், சரி என்று தலையாட்டிவிடுவார். அடுத்த மழைக்காலம் முடிந்து குனிந்து பார்த்தால் கறுப்புத் தோலுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகத் துரு நிற்கும்.

ஸ்லைடர் உரசத்தான் போகிறது. கதவுக்குக் கீழே உள்ள தகடு நசுங்காமல் இருக்க, ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டியைப் பாறைமேல் கிடத்தி வழுக்கிக்கொண்டு போவதற்காகத்தான் அதை மாட்டுகிறோம். நம் பக்கத்துப் பாறையும் லேசுப்பட்டதல்ல. பரங்கிமலை, பல்லாவரத்துக் கருங்கல் சார்னகைட் வகை. அதில் இருக்கும் குவார்ட்ஸ், சாதாரண இரும்பையே கீறும் அளவுக்குக் கடினமானது. இரும்பிலேயே கீறல் விழும் இடத்தில் பெயிண்ட் தாங்காது. ஆகவே உரசினாலும் போகாத பெயிண்டைத் தேடி அலைய வேண்டாம். உரசிய பிறகு அந்தப் பூச்சு என்ன ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் கையால் அதைச் சரிசெய்ய முடியுமா, இந்த இரண்டையும் வைத்துத் தேர்ந்தெடுங்கள். கீழே சொல்லப்போவது எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

நடுவில் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வண்டிக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புகளான கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவற்றின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஸ்லைடர் செய்யக் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பாடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி மட்டும் செய்யச் சொல்லாதீர்கள்.

சென்னையில் துரு எங்கே பிடிக்கும்

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பும் சேர்ந்துகொண்டால் வேகம் பிடிக்கும். சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். சென்னையில் ஆண்டில் பல மாதங்கள் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் அந்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது. மழையே பெய்யாவிட்டாலும், உப்புப் படிந்த இரும்பு ராத்திரி முழுக்க நனைந்தே கிடக்கிறது என்று பொருள். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும்.

உரசும் அடிப்பக்கத்தை நினைத்துத்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் இடம், துருப்பிடித்தால் தேய்த்துவிட்டுப் பூசிக்கொள்ளலாம். ஸ்லைடரைத் தின்பது வேறு இடத்துத் துரு. சேசிஸைப் பார்த்த உள்பக்கம், வெல்டிங் ஓரங்கள், சேசிஸோடு ஒட்டி உட்காரும் பிளேட்டுக்கு அடியில், அப்புறம் குழாயின் உள்ளே. முன்சக்கரம் அள்ளி வீசும் சேறு உள்பக்கத்தில் போய் அப்பிக்கொண்டு வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் இந்த இடங்களில் சாக்கடைச் சேறே தங்கியிருக்கும்.

ஆகவே ஒரே ஸ்லைடரில் வேலை இரண்டு. அடிப்பக்கத்துக்கு எளிதில் புதுப்பிக்கக் கூடிய பூச்சு வேண்டும். உள்பக்கத்துக்கு, ஒரு தடவை போட்டால் பல வருடம் தொடத் தேவையில்லாத பூச்சு வேண்டும்.

என்னென்ன கிடைக்கிறது

பவுடர் கோட்டிங்கில் இருந்தே தொடங்கலாம். மின்னேற்றம் கொடுத்த உலர்ந்த பொடியை எர்த் செய்த இரும்பின் மேல் தெளிப்பார்கள், அது ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுப்பில் ஏற்றி, இரும்பே 180 முதல் 200 டிகிரி வரை சூடாகிப் பத்து இருபது நிமிடம் நின்றால் பொடி உருகி இறுகிவிடும். ஒரு கோட்டுக்கு 60 முதல் 80 மைக்ரான் வரை கனம் வரும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). வழியாது, சொட்டாது, பார்க்க அம்சமாக இருக்கும். அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் செய்பவர்கள் கிடைப்பார்கள்.

அது ஒரே உறையாக இருப்பதுதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. பாறை ஓர் இடத்தில் பெயர்த்துவிட்டால் உடைந்த ஓரத்தின் அடியில் தண்ணீர் நுழைந்து, ஒட்டியிருக்கும் பூச்சுக்குக் கீழேயே துரு பரவும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், நகத்தால் நெம்பினால் தோல் தோலாக உரியும். பெயர்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பவுடர் போட வழியில்லை. எல்லாவற்றையும் உரித்து முதலிலிருந்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் சாதாரணப் பெயிண்டால் ஒப்பேற்ற வேண்டும்.

இருந்தும் பவுடர்தான் வேண்டும் என்றால் கொடுக்கும் இடத்தில் நான்கு கேள்வி கேளுங்கள். எண்ணெய் நீக்கம், ஆசிட், பாஸ்பேட் என்று போகும் ஏழு டேங்க் வேலை உண்டா, வெறுமனே துணியால் துடைத்துவிட்டு அடிப்பார்களா? அடியில் முதல் பூச்சாக, எபாக்சி என்ற பிசினில் துத்தநாகம் கலந்த பிரைமர் பவுடர் போடுவார்களா? மேல் கோட் பாலியெஸ்டரா? வெறும் எபாக்சிப் பவுடர் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்துப்போகும். கடைசியாக, குழாய்க்குள் போன ஆசிட் வெளியே வர ஓட்டை இருக்கிறதா? நாலாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. மூட்டு சரியாக மூடாத குழாய்க்குள் ஆசிட் தங்கிவிட்டால், வெளிப்பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே அரிப்பு தொடங்கிவிடும்.

அடுத்தது ஹாட் டிப் கால்வனைசிங். சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் ஸ்லைடரை முக்கி எடுப்பது. 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இரும்பில் சுமார் 70 மைக்ரானோ அதற்கு மேலோ துத்தநாகம் ஏறும். இங்கே சொல்பவற்றில் குழாயின் உள்பக்கமும் சேர்ந்து பூசப்படுவது இந்த முறையில் மட்டும்தான். கீறல் விழுந்தாலும் அக்கம்பக்கத்துத் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கடலோரம் குடியிருப்பவருக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. ஒரே நிபந்தனை, ஸ்லைடர் செய்யும்போதே ஒவ்வொரு குழாய்க்கும் காற்று போகவும் துத்தநாகம் வடியவும் ஓட்டை வைக்கச் சொல்லிவிட வேண்டும். மூடிய குழாயை அப்படியே முக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து வெடிக்கும், விளையாட்டல்ல. வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் முக்க வேண்டும். முக்கியதன் மேல் வெல்டிங் வைத்தால் வரும் துத்தநாகப் புகை காய்ச்சல் கொண்டுவரும்.

சாம்பல் நிறம் பிடிக்கவில்லை என்று கால்வனைஸ் மேல் நேரடியாக எனாமல் அடிக்காதீர்கள். எனாமலில் இருக்கும் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகி, சில மாதத்தில் பாளம் பாளமாக உரியும். லேசாக உப்புத்தாள் போட்டு, கால்வனைஸுக்கு ஏற்ற எட்ச் பிரைமரோ எபாக்சிப் பிரைமரோ அடித்த பிறகே நிறம்.

மூன்றாவது, டூ பேக் எபாக்சியும் அதன் மேல் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டும். பேஸ், ஹார்டனர் என்று இரண்டு டப்பாவாக வரும், கலந்தால் ரசாயனமாக இறுகும். எபாக்சி இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை அவ்வளவு எளிதில் உள்ளே விடாது. வெயில் மட்டும் அதற்கு ஆகாது. அதற்காகத்தான் மேலே பி.யு. கோட். எனக்குப் பிடித்தது இந்த முறைதான். காரணம், பிரஷ்ஷாலேயே அடிக்கலாம், அடிபட்ட இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம், பழையதும் புதியதும் நன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

எனாமலையும் ஸ்ப்ரே கேனையும் மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன். ரெட் ஆக்சைடு பிரைமரும் கறுப்பு எனாமலும் தெருமுனைக் கடையில் கிடைக்கும். மாதம் ஒருமுறை பாறைக்குப் போகிறவர் அடிப்பக்கத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சைப் போட்டாலும் மாதம் ஒருமுறை அது போகத்தான் போகிறது. அங்கே மேல் பூச்சு மலிவாக இருப்பதே புத்திசாலித்தனம். எனாமலை நம்பி உள்பக்கத்தை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பெட் லைனர் என்று சொல்லும் சொரசொரப்பான பி.யு. பூச்சு கால் வைத்து ஏறும் மேல்பக்கத்துக்கு நல்லது, மழையில் வழுக்காது. அடிப்பக்கத்தில் வேண்டாம். கனமான பூச்சு கிழிந்தால் உள்ளே தண்ணீர் தங்கும், துரு வளர்வது வெளியே தெரியவே தெரியாது.

உங்களுக்கு எது

வண்டி பெரும்பாலும் ஓ.எம்.ஆரில் ஆபீஸ் போய்வரத்தான், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மலைப்பாதை என்றால் துத்தநாகப் பிரைமரோடு பவுடர் கோட்டிங் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் கால்வனைசிங், அதன் மேல் விருப்பப்பட்டால் எபாக்சியும் பி.யு.வும். அடிக்கடி பாறையில் ஏற்றுகிறவர் என்றால் முழு ஸ்லைடருக்கும் டூ பேக் எபாக்சி, மேல்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் பி.யு., அடிப்பக்கம் மட்டும் எபாக்சி நன்கு இறுகிய பிறகு சாட்டின் (பாதிப் பளபளப்பு) கறுப்பு எனாமலோ ஸ்ப்ரே கேனோ. கிளாஸி வேண்டாம், ஒவ்வொரு கீறலும் பல்லைக் காட்டும். சாட்டினிலும் மேட்டிலும் டச் அப் செய்த இடம் தெரியாது.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த ஸ்லைடரை வாங்கியிருக்கிறீர்களா? மேலே எதையும் பூசுவதற்கு முன் அது என்ன பெயிண்ட் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். துணியில் கொஞ்சம் என்.சி. தின்னர் (கடையில் சாதாரணமாகத் தரும் தின்னர்) நனைத்து, மறைவான இடத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு இறங்கினாலோ பெயிண்ட் சுருங்கினாலோ அது ஒற்றை டப்பாச் சரக்கு. அதன் மேல் டூ பேக் அடித்தால் அடியில் இருப்பது சுருண்டு எழும்பிவிடும். முழுக்க உரித்தாக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் பவுடரோ டூ பேக்கோதான். நன்றாக ஒட்டியிருக்கும் வரை அதைத் தேய்த்து, மேலேயே அடிக்கலாம்.

இரும்பைத் தயார் செய்வது

பெயிண்டின் ஆயுள் டப்பாவில் இல்லை, இந்த வேலையில் இருக்கிறது. நேரத்தையும் பணத்தையும் இங்கே செலவழியுங்கள்.

முதலில் ஸ்லைடரைக் கழற்றுங்கள். வண்டியிலேயே வைத்து அடித்தால் உள்பக்கத்துக்குப் பிரஷ் போகாது, துரு பிடிப்பதே அங்கேதான். ஒரு ஸ்லைடரைத் தனியாளாகப் பிடிப்பது சிரமம், அடியில் ஜாக்கி வைத்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள்.

புது இரும்பின் மேல் நீலம் கலந்த கறுப்பாக ஒரு வழவழப்பான ஏடு இருக்கும். மில் ஸ்கேல் என்பார்கள், இரும்பை உருட்டும்போது சூட்டில் உண்டாவது. பெயிண்டுக்கு இது பரம எதிரி. இன்றைக்கு இரும்போடு ஒட்டியிருக்கும், நாளைக்குப் பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு கழன்றுவிடும். கம்பி பிரஷ் போட்டால் போகாது, பாலிஷ் ஏறும், அவ்வளவுதான். சரியான வழி பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் கூரான துகள்களைப் பீய்ச்சிச் சுரண்டுவது. தொழிற்சாலைப் பெயிண்ட் டப்பாக்களில் எஸ்.ஏ. 2½ என்று ஒரு தரம் போட்டிருக்கும், கிட்டத்தட்ட வெள்ளை இரும்பு தெரியும் அளவுக்குச் சுத்தம் என்று பொருள். பவுடர் கோட்டிங் செய்யும் பல இடங்களில் பிளாஸ்டிங்கும் உண்டு, அதை மட்டும் செய்து வாங்கிக்கொண்டு பெயிண்டை வீட்டில் அடிக்கலாம்.

பிளாஸ்டிங்குக்கு வழியில்லாதவர்கள் ஆங்கிள் கிரைண்டரில் 80 கிரிட் ஃபிளாப் டிஸ்க் போட்டுத் தேய்க்கலாம். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். இப்படிக் கையால் சுத்தம் செய்த இரும்புக்குத் துத்தநாகப் பிரைமர் வாங்கி ஏமாற வேண்டாம். துத்தநாகத் துகள் வெற்று இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும், அதற்குப் பிளாஸ்டிங் வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது சர்ஃபேஸ் டாலரண்ட் எபாக்சி. கொஞ்சம் குறைபாடான பரப்பிலும் பிடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது அது.

அடுத்து ஓரங்கள். வெட்டிய பிளேட்டின் கூரான விளிம்பில் எந்தப் பெயிண்டும் நிற்காது, காயும்போது பின்வாங்கி மெலிந்துவிடும். எல்லா விளிம்பையும் 2 மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டிவிடுங்கள். வெல்டிங் தெறித்த முத்துகளைத் தட்டி எடுங்கள். வெல்டிங்கில் பள்ளமும் ஊசித் துளையும் இருந்தால் திரும்ப வெல்டிங்தான் வைக்க வேண்டும். கார் பெயிண்டர் பழக்கதோஷத்தில் பட்டி போட்டு நிரவப் பார்ப்பார், விடாதீர்கள். முதல் பாறையிலேயே அது கொட்டிவிடும்.

பிறகு கழுவுவது. சோப்புப் பவுடர் போட்டு எண்ணெயைப் போக்கி, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் அலசினால் உப்பைப் பூசிவிட்டு அதன் மேல் பெயிண்ட் அடித்த கதைதான், பிறகு வரும் கொப்புளங்களுக்கு இதுவும் ஒரு காரணம். கடைசி அலசலுக்கு ஒரு கேன் தண்ணீர் ஒதுக்குங்கள். ஊற்றும்போதே ஒரு சோதனையும் ஆயிற்று. தண்ணீர் ஏடு போல ஒரே சீராகப் பரவி வழிந்தால் எண்ணெய் போய்விட்டது. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் இருக்கிறது, மறுபடி சோப்பு.

கழுவியதும் துடைத்து, வெயிலிலோ ஹாட் கன்னிலோ உடனே காய வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் வெற்று இரும்பு சில மணி நேரத்தில் பழுப்பேறும். அப்படி ஏறிவிட்டால் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், நம் வியர்வையிலும் உப்புதான். பிரைமர் அன்றைக்கே ஏறிவிட வேண்டும்.

அடிக்கும் நாள்

நாள் பார்ப்பது முக்கியம். பஞ்சாங்கம் வேண்டாம், போனில் வானிலை ஆப் போதும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ட்யூ பாயின்ட் என்று ஓர் எண் காட்டும், இரும்பின் சூடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத பனி இரும்பின் மேல் படிந்திருக்கும். சென்னையில் கோடையில் அந்த எண் 25ஐ ஒட்டியே நிற்பது வழக்கம். விடியற்காலையில் நிழலில் கிடக்கும் இரும்பு 27 டிகிரி என்றால் இடைவெளி போதாது. ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். உச்சி வெயிலில் வைத்தும் அடிக்காதீர்கள். கை வைக்க முடியாத சூட்டில் தின்னர் கொதித்து எழும்பி ஊசித் துளைகளை விட்டுச் செல்லும். நிழலான, காற்றோட்டமான இடம் வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் மதியம் கடற்காற்று உள்ளே வருவதற்கு முன் அன்றைய பூச்சை முடித்துக்கொள்வது நல்லது, அந்தக் காற்று ஈரத்தையும் உப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். தை, மாசி, பங்குனி வசதி.

எவ்வளவு பெயிண்ட் வேண்டும்? ஒரு ஜோடி ஸ்லைடரின் பரப்பு தோராயமாக ஒன்றரைச் சதுர மீட்டர். கன அளவில் பாதி திடப்பொருள் உள்ள எபாக்சி ஒரு லிட்டர், 100 மைக்ரான் கனத்துக்கு 5 சதுர மீட்டர் ஓடும். ஆக கணக்குப்படி முந்நூறு மில்லி. பிரஷ்ஷில் நிற்பது, சிந்துவது எல்லாம் சேர்த்து அரை லிட்டர். கடைக்காரர் நாலு லிட்டர் செட்டை நீட்டினால் ஒரு லிட்டர் செட் இருக்கிறதா என்று கேளுங்கள். பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் தெருக்களில் விசாரிக்கலாம். கூடவே அதற்கான தின்னரையும் பெயர் சொல்லி வாங்குங்கள். வெறுமனே "தின்னர்" என்று கேட்டால் என்.சி. தின்னர் கைக்கு வரும், எபாக்சிக்கும் பி.யு.வுக்கும் அது ஆகாது.

பேஸையும் ஹார்டனரையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படியே கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவது பல பெயிண்டர்களின் பழக்கம். அதிகமாக ஊற்றினால் பூச்சு முறுகி உடையும், இல்லையென்றால் இறுகாமல் பிசுபிசுக்கும். கலந்த பிறகு பயன்படுத்தக் கிடைக்கும் நேரம் டப்பாவில் போட்டிருப்பதைவிட நம் வெயிலில் குறைவு. அந்த நேரம் சாதாரணமாக 25 டிகிரிக்கோ அதற்குக் குறைவாகவோ கணக்கிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.

முதலில் சின்ன பிரஷ்ஷால் வெல்டிங், விளிம்பு, ஓட்டை ஓரம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு கோட் குத்திக் குத்தி அடியுங்கள். ஸ்ட்ரைப் கோட் என்று பெயர். துரு தொடங்கும் இடங்களுக்கு இரட்டைக் கனம் கிடைப்பது இதனால்தான். அது தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் முழு ஸ்லைடருக்கும் எபாக்சி. மறுநாள் இன்னொரு எபாக்சி கோட், உள்பக்கத்துக்குத் தாராளமாக. பிறகு பி.யு. ஒன்றோ இரண்டோ. மொத்தம் 150 முதல் 200 மைக்ரான் வந்தால் போதும். கோட்டுக்குக் கோட் எவ்வளவு இடைவெளி என்பதை டப்பா சொல்லும். மேல்வரம்பு தாண்டிவிட்டால் 220 உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காமல் அடுத்த கோட் அடிக்காதீர்கள், ஒட்டாது.

பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. கன்னில் போட்டுத் தெளித்தால் அந்தப் புகை நுரையீரலில் இறங்கி நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். சாதாரண முகக்கவசம் இதற்கு உதவாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க் இல்லாதவர்கள் பிரஷ்ஷாலோ ரோலராலோ, கையுறை போட்டு, திறந்த வெளியில் அடியுங்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கம்ப்ரஸரை இறக்கினால் நுரையீரலுக்கு முன்னால் வேறு பிரச்சினை வரும். பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளைக் காரில் கறுப்புப் புள்ளி விழும், அசோசியேஷன் செயலாளர் மாடியிலிருந்து இறங்கி வருவார்.

மாட்டும்போது

பூச்சு தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், முழுசாக இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை பாறைப் பக்கம் போக வேண்டாம்.

சேசிஸோடு ஒட்டி உட்காரும் பிளேட்டின் முகத்தில் பிரைமர் மட்டும் மெல்லிசாக இருந்தால் போதும். அங்கே கனமான பவுடரோ மூன்று நான்கு கோட் பெயிண்டோ இருந்தால், போல்ட் முறுக்கியதும் அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கி, முறுக்கு தளர்ந்துவிடும். பவுடருக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்த முகத்தை மூடிவிடச் சொல்லுங்கள். மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை சரிபாருங்கள், முதல் பாறைப் பயணம் முடிந்ததும் மறுபடி.

குழாயின் உள்ளே கேவிட்டி வாக்ஸ் என்னும் மெழுகுப் பூச்சு அடிப்பதுதான் நீண்ட காலத்துக்குக் கைகொடுக்கும். நீளமான குழாய் வைத்த கேனாக வரும், வடிகால் ஓட்டை வழியே உள்ளே விட்டுச் சுற்றிலும் தெளிக்கலாம். அதற்குப் பிறகு அந்த ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். நுழைந்த தண்ணீர் வெளியே வர அது ஒன்றுதான் வழி.

உரசிய பிறகு

பாறைப் பயணம் முடிந்து வந்ததும் சேற்றைக் கழுவும்போதே அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை இரும்பு தெரிந்தால் அந்த வாரத்துக்குள் மூடிவிட வேண்டும். கம்பி பிரஷ், 80 கிரிட் உப்புத்தாள், பெயிண்ட் உடைந்த ஓரத்தை நகம் தட்டாத அளவுக்குச் சரிவாகத் தேய்ப்பது, தின்னர் துணி, பிரைமர், கறுப்பு. மொத்தமே ஒரு மணி நேர வேலை. பவுடர் போட்டவர்கள் ஓரத்தைக் கத்தியால் நெம்பிப் பார்த்து, கெட்டியாக ஒட்டியிருக்கும் இடம் வரும் வரை உரித்துவிட்டுத்தான் பூச வேண்டும். பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர், பள்ளத்தில் சிக்கிய மெல்லிய துருவுக்கு உதவும். பொரிந்து நிற்கும் துருவின் மேல் ஊற்றினால் காசுக்குக் கேடு.

இதற்கென்று டூ பேக் மிச்சத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பி.யு. ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகிவிடும் சரக்கு. திறந்த டப்பா சென்னையில் அடுத்த மாதம் பார்த்தால் ஜெல்லியாக நிற்கும். எபாக்சி மிச்சம் நன்றாக மூடி வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் வரும். டச் அப் வேலைக்கு ஒரு எபாக்சிப் பிரைமர் ஸ்ப்ரே கேனும் ஒரு சாட்டின் கறுப்பு கேனும் வாங்கி வீட்டிலேயே வையுங்கள். வண்டியில் போட்டு வைக்காதீர்கள், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறும் சூட்டுக்கு ஸ்ப்ரே கேன் வெடிக்கக்கூடும்.